அட்டையின் மறுபக்கத்திலும் அச்சடியுங்கள்

திருகோணமலைச் சபைகளின் குருவானவர்கள், போதகர்கள், சபைக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

புது வருட வாக்குத்தத்த அட்டைக்கு ஓடர் கொடுக்கும் காலம் நெருங்குகிறது. அதற்கு முன் இந்த மடல் உங்கள் கையில் சேரவேண்டும் என்பதால் சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். உவர்மலையோ உப்புவெளியோ மூதூர்ப் பக்கமோ, டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் நம் சனம் வரிசையில் நின்று, கண்ணை மூடித் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறது. ஒரு பூப்படம், நடுவில் ஒரு வசனம். வருடம் முழுக்க அது வேதப்புத்தகத்துக்குள்ளும் கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழும் ஆட்டோவின் முன்கண்ணாடியிலும் இருக்கும். அன்றைய பிரசங்கம் என்னவென்று தை மாதமே கேட்டாலும் யாருக்கும் ஞாபகம் இராது.

அந்த அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கேயும் ஒரு வசனம் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முன்பக்க வாக்குத்தத்தம் எந்த அதிகாரத்திலிருந்து வந்ததோ, அந்த அதிகாரம் நம்மிடம் கேட்கும் காரியம் பின்பக்கத்தில் வரட்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். பிலிப்பியர் 4:19ஐ எடுங்கள். “என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்” என்ற வசனம் இல்லாத கிறிஸ்தவ வீடு நம் ஊரில் குறைவு. பவுல் அதை யாருக்கு எழுதினார்? தான் காவலில் இருந்தபோது எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பிவைத்தவர்களுக்கு. வேறெந்தச் சபையும் கொடுக்காத நாட்களிலும் அவர்கள் கொடுத்தார்கள் என்று நாலு வசனம் முன்னால் அவரே சொல்கிறார். கொடுத்துக் குறைந்துபோனவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. நாமோ ஒன்றும் கொடுக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிறைவுக்குக் காத்திருக்கிறோம். உபாகமம் 28:13இல் நடந்தது இன்னும் அநியாயம். “வாலாக்காமல் தலையாக்குவார்” மட்டும் அட்டையில் வருகிறது. அதே வசனத்தில் இருக்கும், கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற பகுதியைக் கத்தரித்துவிடுகிறோம்.

அப்புறம் ஏசாயா 58. வற்றாத நீரூற்றைப்போல் இருப்பாய் என்பது 11ஆம் வசனம். அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலோ சனத்தின் ஒரு முறைப்பாடு: நாங்கள் உபவாசம் பண்ணுகிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை? உபவாச நாளிலும் வேலைக்காரரைப் பிழிகிறீர்களே என்று பதில் வருகிறது. பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு, துரத்துண்டவனை வீட்டில் சேர்த்துக்கொள், அதுதான் நான் கேட்ட உபவாசம் என்கிறார் கர்த்தர். நீரூற்று அதற்குப் பிறகுதான். நம் உபவாச ஜெபங்களுக்குக் குறைவில்லை. அந்த நாளில் எல்லோருக்கும் முன்பே வந்து மண்டபம் கூட்டி, கதிரை அடுக்கி, பாய் விரித்து, ஜெபம் முடிகிற நேரத்துக்குத் தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைக்கும் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம்? சபைக் குழுவில் எத்தனை பேருக்கு அது தெரியும்? விலைவாசி ஏறிய 2022க்குப் பிறகு அந்தத் தொகை ஏறியதா? யாரையும் குற்றம் சாட்டுவதற்குக் கேட்கவில்லை. பசித்தவனுக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லும் அந்த ஏழாம் வசனம் அட்டையின் பின்னால் இருந்தால் இந்தக் கேள்வி தானாக வரும்.

எரேமியா 29:11 பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். நம் சனத்தின் முதல் செல்லப்பிள்ளை அந்த வசனம்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள். அந்த அதிகாரமே ஒரு மடல், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன மடல். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் முழங்குகிறான். (இந்த ரகத் தீர்க்கதரிசிகளுக்கு இன்றைக்கும் நல்ல கூட்டம் சேருகிறது.) எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், நீங்கள் இருக்கும் “பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்” என்கிறார். அது 7ஆம் வசனம். அந்தப் பட்டணம் அவர்களுடைய சொந்தப் பட்டணமும் இல்லை, அங்கே வணங்கப்பட்டது அவர்களுடைய தேவனும் இல்லை.

இடம்பெயர்ந்து காத்திருப்பது என்னவென்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2006இல் யுத்தத்தில் சம்பூரை விட்டு ஓடிய சனம் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். அப்படிப்பட்ட மண்ணில் 11ஆம் வசனம் ஒட்டிக்கொள்வது இயல்பு. 7ஆம் வசனம் ஏன் ஒட்டவில்லை? கோயில் மணியும் பாங்கும் பௌத்தப் பன்சலையின் பிரித் ஓதலும் ஒரே காலையில் கேட்கும் பட்டணம் இது. இதன் சமாதானத்தைத் தேடுவது என்றால் நாம் என்ன செய்யவேண்டும் என்று எந்த ஆண்டுக் கூட்டத்தில் பேசினோம்? 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்த பிறகு, நம்மில் சிலர் பல வருடம் சாமான் வாங்கிய முஸ்லிம் கடைக்குள் நுழையாமல் தாண்டிப் போனார்கள். துக்கமும் பயமும் உண்மையானவை, மறுக்கவில்லை. அந்த வருட அட்டையின் பின்பக்கத்தில் பட்டணத்தின் சமாதானம் என்று இருந்திருந்தால், அதைப் பையில் வைத்துக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டுவது கொஞ்சம் சிரமமாக இருந்திருக்கும்.

வருடப் பிறப்பில் சனத்துக்கு ஆறுதல் வேண்டாமா, அன்றைக்கும் கட்டளையா என்று ஒரு குருவானவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. புருஷனைக் கடலில் பறிகொடுத்த பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஆறுதல்தான். முன்பக்கத்தை ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம் என்பது அதனால்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் யார் வழியாக வரும் என்பது மற்றவர்களுடைய அட்டைகளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

நடுவில் சில அட்டைகளை இரண்டு பக்கமும் கட்டளையாகவே போட்டால் இன்னும் சந்தோஷம். “கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்ற லேவியராகமம் 19:13 அளவான வசனம், சின்ன அட்டையிலும் அடங்கும். படகு முதலாளி ஒருவரின் கையில் அது விழுந்தால் நல்லது. விருந்துக்கு நண்பரையும் உறவினரையும் வசதியான அயலவரையும் விட்டு, திரும்ப அழைக்க முடியாதவர்களைக் கூப்பிடு என்னும் லூக்கா 14ஐயும் சேருங்கள், ஜனவரியில் கலியாணங்கள் வருகின்றன. பிடிக்காத அட்டை வந்தவர் தட்டில் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கக்கூடாது என்று மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். எடுப்பார்கள், எனக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் அச்சடித்தால் செலவு கொஞ்சம் கூடும். பீட அலங்காரப் பூவில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். எந்த வசனத்துக்கு எது மறுபக்கம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நவம்பர்க் குழுக் கூட்டத்தில் இதை எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றின் அங்கத்தவர்