வாசிப்பறை திறந்தாச்சு: பாகான் செராயிலிருந்து ஒரு நன்றி மடல்

இயேசுவுக்கே புகழ்!

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் பாகான் செராய் கத்தோலிக்கப் பங்கு மக்களுக்கும், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த உறவுகளுக்கும், மதம் பார்க்காமல் தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

கத்தோலிக்கக் குருவும் தமிழறிஞருமான சேவியர் தனிநாயகம் அடிகளாரின் நினைவாக நம் பங்கு மண்டபத்தின் பின்பக்கத்தில் வாசிப்பறை திறந்துவிட்டோம். திறப்பு நாளில் மழை பிடித்துக்கொண்டதால் நன்றியுரை பாதியில் நின்றுபோனது. யாரும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உதவியவர்களில் பல பேர் "என் பேரைப் போடாதீங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டார்கள். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது அது யார் என்று உங்களுக்கே தெரியும்.

அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆயிற்றே, தோட்டத்து ஊரில் அவருக்கு என்ன நினைவிடம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1961 முதல் 1969 வரை அங்கே இந்திய இயல் துறையில் இருந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்திக் காட்டினார். இதெல்லாம் எல்லா மேடையிலும் சொல்வதுதான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்கு இருபது வருடத்துக்கு முந்தைய கதையால்.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன்னில் 1913இல் பிறந்தவர். ரோமாபுரியில் படித்துக் குருப்பட்டம் வாங்கியவர். லத்தீன், இத்தாலியம் என்று பல மொழிகள் கைவசம். அப்படிப்பட்டவர் தமிழ்நாட்டில் வடக்கன்குளம் பள்ளிக்குக் கற்பிக்க வந்தபோது, தம்முடைய தமிழ் போதாது என்று உணர்ந்தார். அங்கி போட்ட சாமியார், பள்ளியில் பொறுப்பில் இருப்பவர், ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்தார். அதோடும் விடவில்லை. 1945இல், முப்பது வயது தாண்டிய பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழ் படித்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கினார். கற்பிக்க வந்த இடத்தில் வெட்கப்படாமல் கற்க உட்கார்ந்த அந்த மனசுக்குத்தான் இந்த அறை.

நம் ஊரில் அப்படி உட்கார வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி, மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்கள். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்ற பிள்ளைகள். பூசையில் வாசகம் வாசிக்க ஆசைப்பட்டும் பயந்து ஒதுங்கிய இளைஞர்கள். அவர்களுக்கு ஒரு மேசையும் ஒரு ஆசிரியரும் வேண்டியிருந்தது.

முதல் நன்றி அடிகளாரிடமே பல்கலைக்கழகத்தில் படித்த அந்த ஐயாவுக்கு. வயதான காலத்தில் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்தார். துணிப்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அந்தாவோ டி புரொயென்சா என்ற சேசு சபைக் குரு தொகுத்த தமிழ் போர்த்துக்கீசிய அகராதி, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியை அடிகளார் தேடிக் கண்டுபிடித்து, 1966இல் கோலாலம்பூரிலிருந்தே நிழற்பதிப்பாக வெளியிட்டார். அந்தப் பதிப்புதான் அது. முன்பு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த நம் அக்கா ஒருவர், தோட்டத்துப் பள்ளியில் கொஞ்ச நாளே படித்தவர், கண்ணாடியைச் சேலை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய எழுத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினார். ஐயா அவசரப்படுத்தவே இல்லை. பின்னால் வரிசை நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை. ஐயா, அந்தப் பத்து நிமிடப் பொறுமைக்கு உங்களுக்குத் தனியாக நன்றி. அடிகளார் வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

அப்புறம் மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கு. நாற்காலி, அண்டா, கரண்டி எல்லாம் கேட்காமலே லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். மழையில் கூடாரம் சாய்ந்தபோது, தொழுகை முடிந்து வந்த மலாய்க்காரத் தம்பிகள் ஓடிவந்து கம்பத்தைப் பிடித்தார்கள், அவர்களுக்கும் நன்றி. புத்தக அலமாரிக்குப் பலகை கொடுத்த இரும்புக் கடைத் தவுக்கே (முதலாளி) பாதி விலைதான் வாங்கினார். மீதிக்கு ரசீது போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்த அம்மாமார்களே, உங்கள் கத்தரிக்காய் சாம்பாரைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. நீங்கள் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. அந்தக் குறை என் மனதில் இருக்கிறது.

பங்குத்தந்தைக்கும் உபதேசியாருக்கும் நன்றி. இந்த ஊரில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியமர்த்திய பிரெஞ்சுக் குரு ஃபே அடிகள், பின்னாளில் மலாக்கா ஆயர் ஆனவர், அவரும் தமிழ் கற்றுக்கொண்டுதான் நம் முன்னோர்களோடு பேசினார் என்று பிரசங்கத்தில் நினைவுபடுத்தினீர்கள். பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

புத்தகம் கொடுத்தவர்கள், பணம் கொடுத்தவர்கள், ஐந்து வெள்ளியை (ரிங்கிட்டை) உறையில் போட்டு மண்டபக் கதவடியில் நுழைத்துவிட்டுப் போனவர், எல்லோருக்கும் கைகூப்புகிறேன். கணக்கு முழுவதும் மண்டப அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

கடைசியாக, சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு. அதில் பாதிப்பேர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வந்த பெற்றோர்கள். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்து "நாங்களும் உட்காரலாமா டீச்சர்?" என்று கேட்டீர்கள். உட்காருங்கள். வகுப்பு மதியம் மூன்று மணிக்கு. நோட்டும் பென்சிலும் அங்கேயே இருக்கும்.

அன்புடன்,
வாசிப்பறைக் குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பாகான் செராய், பேராக்