பிரெஞ்சுக்காரர் கணக்கில் ஒரு கொக்குவில் பிள்ளை

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மச்சாளின் முழங்கால் இப்போது எப்படி? நீ கடைசியாக எழுதியது நல்லூர்த் திருவிழாவுக்கு முன்பு. ஓய்வு பெற்றவனுக்கு அப்படி என்ன வேலை என்று தெரியவில்லை. இங்கே மழை பிந்திவிட்டது. பஞ்சாங்கத்தான் பேரப்பிள்ளை கண்டுவிட்டான். கணக்கு மாஸ்டர் இன்னும் சைக்கிளில்தான் திரிகிறார். கண்டால் உன்னைத்தான் முதலில் விசாரிப்பார். இதெல்லாம் போனில் சொல்லக்கூடியது. கடிதம் எழுத வைத்தது வேறு விஷயம்.

சின்னக்காவின் மகளுக்குக் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. வந்தது பிரெஞ்சு மொழியால்.

நீ மொன்றியல் போன புதிதில் எழுதிய கடிதங்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. பாதிக்கு மேல் அந்த மொழியைத் திட்டித்தான் எழுதியிருக்கிறாய். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க விடுகிறார்கள் இல்லை, 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது என்று பக்கம் பக்கமாகப் புலம்பினாய். இன்று உன் மூத்தவள் அதே மொழியில் நீதிமன்றத்தில் வழக்காடுகிறாள். அந்த மொழி இப்போது எங்கள் ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டது, மச்சான்.

அவள் படித்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வேலை முடிந்து வந்து, இரவில் இணையவழி வகுப்பு. புதுச்சேரிக்காரர் ஒருவர் தமிழிலேயே இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். பேச்சுப் பரீட்சையில் இரண்டு பகுதி: முதலில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் விபரம் கேட்பதுபோலப் பேச வேண்டும், பிறகு இன்னொரு விளம்பரத்தைக் காட்டி ஒரு சிநேகிதரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். முன் விறாந்தையில் மேலும் கீழும் நடந்தபடி, இல்லாத கடைக்காரரிடம் சைக்கிள் வாடகை எவ்வளவு என்று கேட்பாள். இல்லாத சிநேகிதியிடம் சமையல் வகுப்புக்கு வா என்று மன்றாடுவாள். பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை வெளிநாட்டுப் பெடியன் ஒருவனோடு சண்டை பிடிக்கிறாள் போல" என்று சின்னக்காவுக்குத் தகவல் சொன்னாராம். சின்னக்கா இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பரீட்சைக்குக் கொழும்பு போய்வந்தாள். கேட்டல், வாசித்தல், எழுதல், பேசல் நான்கிலும் ஏழாம் நிலை வேண்டும். எடுத்துவிட்டாள்.

இந்த வழி எவ்வளவு அகலம் என்று முதலில் நான் நம்பவில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று, புள்ளி போட்டுக் குடிவருபவர்களைத் தெரிவு செய்யும் கனடாவின் முறையில், 2023இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. 2024 பெப்ரவரியில் பொதுச் சுற்றுகள் 530க்கு மேல் புள்ளி கேட்டபோது, பிரெஞ்சுச் சுற்று ஒன்று 336க்கு இறங்கியிருக்கிறது. எங்கள் பிள்ளை 400ஐச் சற்றுத் தாண்டியவள். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். அழைப்பு வந்து 60 நாளுக்குள் பத்திரங்களைக் கொடுக்க வேண்டும். கையிருப்புக் காட்ட வேண்டும் என்பதற்காக இணுவில் காணித்துண்டு கைமாறிவிட்டது. அதைப் பற்றிச் சின்னக்காவிடம் ஒன்றும் கேட்டுவிடாதே.

விஷயம் இனித்தான். இந்தக் கதவு கியூபெக்குக்குத் திறப்பதில்லை. உன் மாகாணம் 1991 உடன்படிக்கைப்படி தன் ஆட்களைத் தானே தெரிவு செய்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியால் வருபவர் கியூபெக்குக்கு வெளியே இருக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் வர வேண்டும். மொன்றியலில் மாமா வீட்டில் இறங்கிவிடலாம் என்று கட்டியிருந்த கோட்டை சரிந்ததில் சின்னக்காவுக்குப் பெரிய கவலை. நான் யோசித்தது வேறு. எதற்காக ஒரு நாடு, பிரெஞ்சுக்காரர் நிறைந்திருக்கும் இடத்துக்கு வெளியே பிரெஞ்சு பேசுபவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றுகிறது?

தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க நித்திரை போய்விட்டது. கியூபெக்குக்கு வெளியே, பிரெஞ்சை முதல் அரசகரும மொழியாகக் கொண்டவர்கள் 1971இல் நூற்றுக்கு 6.1 பேர். 2021இல் 3.5. பத்து லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள், ஆனால் சுற்றியுள்ள கடல் பெருத்துக்கொண்டே போகிறது. சனம் வயதாகிறது, பிள்ளைகள் குறைவு. ஆங்கிலக்காரரைக் கட்டினால் வீட்டில் ஆங்கிலம். குடிவருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் பக்கமே சேர்கிறார்கள். குடிவருபவர்களில் நூற்றுக்கு 4.4 பேராவது பிரெஞ்சு பேசுபவர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, எட்டாமல் எட்டாமல் தள்ளிப் போட்டு, 2022இல்தான் அதைத் தொட்டார்கள். 2023இல் அரசகரும மொழிச் சட்டத்தைத் திருத்தி, பிரெஞ்சுச் சமூகங்களின் பழைய பங்கை மீட்கும் வகையில் குடிவரவுக் கொள்கை இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 1971இன் அந்த 6.1தான் அளவுகோல். 2024இல் குடிவந்தவர்களில் 7.2 வரை போய்விட்டது. 2025க்கு வைத்த இலக்கு 8.5.

வருபவர்கள் யார் என்று பார்த்தாயா? கமரூன், மொரோக்கோ, அல்ஜீரியா, கொங்கோ, ஐவரி கோஸ்ட், ஹெயிட்டி. பிரான்சிலிருந்தும் வருகிறார்கள். இவர்களில் கனபேருக்கு வீட்டில் வேறு மொழி. லிங்காலாவோ அரபோ கபைலோ பேசி வளர்ந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தவர்கள். நூறு வருடத்துக்கு முன்பு தன் பள்ளிக்கூடத்துக்காகச் சண்டை பிடித்த ஒன்ராறியோப் பிரெஞ்சுச் சனத்தின் அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு இப்போது ஆபிரிக்காவிலிருந்து வருகிறது. பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும், நாம் ரயில் என்று கூப்பிடும் நம் சிநேகிதன் இதைக் கேட்டதும் தன் மகனையும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறான். பாரிஸில் பிறந்து வளர்ந்த பெடியன், அவனுக்குப் பரீட்சை ஒரு பொருட்டே இல்லை. நாளைக்கு ஒன்ராறியோவின் சட்பரியில் ஒரு பிரெஞ்சுப் பாடசாலையில் ஊர்காவற்றுறைக்காரன் பிள்ளை படிப்பது அதிசயமாக இராது.

எங்கள் பிள்ளையை அவர்கள் எப்படி எண்ணப் போகிறார்கள் என்று பார்த்தேன். கணக்கெடுப்பில் முதலில் பார்ப்பது, ஆங்கிலம் பிரெஞ்சு இரண்டில் எது தெரியும் என்று. அவளுக்கு இரண்டும் தெரியும். அதனால் தாய்மொழிக்குப் போவார்கள். தமிழ். அதுவும் உதவாது. பிறகு வீட்டில் அதிகம் பேசும் மொழி. ஒரு தமிழ்ப் பெடியனைக் கட்டிக் குடியிருந்தால் அதுவும் தமிழ். கடைசியில் இரண்டு மொழிக்கும் பொதுவான வரிசையில் போடுவார்கள். சிறுபான்மையைக் கூட்டும்போது அந்த வரிசையில் பாதியைத்தான் பிரெஞ்சுப் பக்கம் சேர்ப்பார்கள். அதாவது எங்கள் பிள்ளை அங்கே அரை ஆள்! அந்த அரை ஆளுக்காக ஓர் அரசாங்கம் சட்டம் எழுதி, இலக்கு வைத்து, உலகம் முழுவதும் தேடுகிறது.

இங்கே எங்களுடையதும் அரசகரும மொழிதான். 1987இல் 13ஆம் திருத்தம் தந்தது. இங்கிருந்து போகும் முழு ஆட்களை யார் எண்ணுகிறார்கள்? கிளிநொச்சியையும் சேர்த்த எங்கள் தேர்தல் மாவட்டம் 2010இல் 9 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 2015இல் 7 பேர். 2024இல் 6. எண்ணிக்கை குறைந்தால் குரல் குறையும் என்பதை வேறு யாரும் வந்து எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். துரத்தியவர்கள் எல்லோரும் தெற்கிலிருந்துதான் வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியதில் சோனகத் தெரு ஒரே நாளில் வெறுமையானது. தமிழ் பேசிய சனம், மச்சான். நம்மோடு படித்த காதர் கடைசியாக அந்தத் தெருவில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த விஷயம் கதைக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். நம் எண்ணிக்கையை நாமே வெட்டினோம்.

அதனால்தான் கனடாவின் கிழக்குக் கரையில் வாழ்ந்த அகாடியர் கதையை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1755இல் பிரித்தானியர் அந்தப் பிரெஞ்சுச் சனத்தை வீடுவாசலோடு பிடுங்கிக் கப்பலேற்றினார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரிந்து பல கரைகளில் இறங்கினார்கள். சிலர் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர்களுடைய காணியில் வேறு ஆட்கள். புதிய இடம் தேடித்தான் குந்தினார்கள். 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழையில், நாவற்குழிப் பாலத்தில் அடுத்த அடி வைக்க இடமில்லாமல் அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு நின்றவன் நான். இருநூற்று நாற்பது வருட இடைவெளி எனக்குத் தெரியவே இல்லை.

அந்தச் சனத்தின் மாகாணம் நியூ பிரன்சுவிக். கனடாவில் இரண்டு மொழியும் அரசகரும மொழியாக உள்ள ஒரே மாகாணம். அங்கே நூற்றுக்கு 30 பேர் பிரெஞ்சுக்காரர். அங்குள்ள மொங்ரன் நகரில் அவர்களுக்கென்று 1963இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகஸ்ட் 15 அவர்களுடைய தேசிய நாள். பானை சட்டி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போவார்களாம், நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று. மடு மாதா திருநாளும் அன்றைக்குத்தான். இதை மன்னாரானிடம் சொன்னேன், மனுஷன் கண்கலங்கிவிட்டான்.

இப்போது எனக்கும் சின்னக்காவுக்கும் இடையில் பெரிய வழக்கு. சின்னக்கா சொல்வது: மொங்ரனில் யார் இருக்கிறார்கள்? பிள்ளை இறங்கியதும் ஸ்காபரோவுக்குப் போகட்டும், அங்கே கோயில் இருக்கிறது, கடை இருக்கிறது, சொந்தம் இருக்கிறது, மாப்பிள்ளையும் கிடைப்பான். இறங்கிய பிறகு எங்கே போய் இருந்தாலும் சட்டம் கேட்காது, அது உண்மை. சட்டம் கேட்காதபடியால்தான் நான் கேட்கிறேன். தங்களுடைய சனம் குறைகிறதே என்று அழுது, அதற்காகக் கதவு திறந்தவர்களிடம் பிரெஞ்சைக் காட்டி உள்ளே போய்விட்டு, அடுத்த மாதமே ரொறன்ரோவில் ஆங்கிலத்தில் கணக்கு எழுதப் போனால் அது ஏமாற்று. வேறு யாரும் செய்தால் நான் வாய் திறக்க மாட்டேன். சிறுபான்மையாக இருப்பது என்னவென்று தெரிந்த வீட்டிலிருந்து போகிற பிள்ளை செய்யக் கூடாது. ஐந்து வருடமாவது அங்கே இருக்கட்டும். அவர்களுடைய கடையில் அவர்களுடைய மொழியில் பாண் வாங்கட்டும். பிள்ளை பிறந்தால் அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் விடட்டும், வீட்டில் தமிழ் பேசட்டும். இரண்டும் ஒரு தலைக்குள் நிற்கும் என்பதற்கு உன் மூத்தவளே சாட்சி.

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்பாய். "மாமா, முதலில் வேலை கிடைக்கட்டும்" என்கிறாள். அதுவும் நியாயம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டத்தை அங்கே எவன் மதிக்கப் போகிறான் என்ற பயம் அவளுக்கு. ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கதை, அவர்களுடைய பிரெஞ்சின் உச்சரிப்பைக் கேட்டே முகம் சுளிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறாளாம். ஆட்களைக் கூப்பிடத் தெரிந்தவர்கள் வந்தவர்களை வைத்திருக்கவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கே ஓரிரு வருடம் வேலை இல்லாமல் இருக்க வேண்டி வந்தால் ஸ்காபரோவுக்குப் போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வது? இதில்தான் எனக்கு உன் உதவி வேண்டும்.

உன் மூத்தவளிடம் கேட்டுச் சொல். மொங்ரனிலோ டியெப்பிலோ கணக்காளருக்கு வேலை உண்டா, பட்டத்தை ஒப்பிடுவதற்கு எங்கே எழுத வேண்டும், புதிதாக வருபவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வீடு பார்த்துக் கொடுக்கும் பிரெஞ்சு அமைப்புகள் அங்கே உண்மையாகவே வேலை செய்கின்றனவா, பெயருக்கு இருக்கின்றனவா. கற்பனை வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல். சட்பரியும் சரிவரும் என்றால் அதையும் எழுது. அடுத்த ஞாயிறு இங்கே இரவு எட்டு மணிக்கு எங்கள் பிள்ளையை நீயே போனில் கூப்பிடு. பிரெஞ்சிலேயே கதை, பிள்ளை பயப்பட மாட்டாள். சின்னக்கா போனைப் பறித்து ஸ்காபரோ பற்றிக் கேட்டால் என் பக்கம் நில். ஆட்டுக்குட்டிக் கதையை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதே, பிறகு எனக்கு இந்த வீட்டில் மரியாதை இருக்காது.

மச்சாளுக்கு வேப்பெண்ணெய் அனுப்புகிறேன், பஞ்சாங்கத்தானின் மைத்துனன் மார்கழியில் வருகிறான். பதில் கடிதமாக வர வேண்டும்.

அன்புடன்,
உன் கொக்குவிலான்