ஜெராக்ஸ் கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்

வணக்கம்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாலு பஜ்ஜி வாங்கினேன். தின்று முடித்து, எண்ணெய் ஊறிய காகிதத்தைக் கசக்கப் போகும்போது அதில் ஒரு பெண்ணின் முகம். ஆதார் நகல். மை அப்பி வீணாய்ப்போன பிரிண்ட்தான், ஆனாலும் பெயர், பிறந்த தேதி, 12 இலக்கம் எல்லாம் படிக்க முடிந்தது. சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அரசாங்க ஆபீஸ் என்றால் அது உங்கள் கடைதான். அதனால்தான் சொல்கிறேன்.

சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸப் நம்பருக்கு ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் அனுப்புகிறோம். பிரிண்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். படம் உங்களிடமே தங்கிவிடுகிறது. ஒருநாள் என் ஃபைலைத் தேடி ஒரு தம்பி டவுன்லோட்ஸைத் திறந்தார்; மவுஸ் உருள உருள ஊரே வந்து போனது. எங்கள் பால்காரர் உட்பட.

இணையத்தில் இறக்கும் ஆதார் ஃபைலான இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தானே அது? பூட்டின் சாவி அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், பிரவுசிங் சென்டர்களில் இ-ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் எல்லாப் பிரதியையும் அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று ரெண்டே நாளில் அது வாபஸ் ஆனது. வாபஸ் ஆனால் என்ன, அழிக்கச் சொன்னது சரிதான்.

என் சித்தப்பா கையில் இருப்பது ஒரே சிம். நம் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தால் அவர் பேரில் மூன்று. மற்ற ரெண்டும் தன்னுடையதில்லை என்று அங்கேயே புகார் கொடுத்தார். எந்த நகல் எங்கே கசிந்ததோ, யாருக்குத் தெரியும்? அந்த சிம்மில் யாராவது மோசடி செய்தால் போலீஸ் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

கூட்ட நேரத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்பீர்கள். பிரிண்ட் போனதும் வாடிக்கையாளர் கண்முன்னே ஃபைலை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னிலும் கடை போனிலும் சேர்த்து. வீணான தாளை எடைக்குப் போடாமல் அவரிடமே கொடுங்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது, அதைச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஓடிபி! கடை முழுக்கக் கேட்கும்படி பாட்டிகளைக் கத்த விடாதீர்கள், கீபோர்டை அவர்கள் பக்கம் நகர்த்துங்கள்.

“அழிச்சாச்சு, பாருங்க” என்று ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டும் கடையில் பிரிண்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்