மிளகுக்கு முழு நைட்

கோவில்பட்டி,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் நாய்க்குட்டி மிளகு மெத்தையை நனைத்து, இந்த வாரத்தில் நாலாவது தடவையாக விரிப்பைத் துவைக்கப் போட்டிருப்பதாகவும், அவள் வேண்டுமென்றே செய்வதாகவும் நேற்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். மாப்பிள்ளை பின்னாலிருந்து "எடுத்த இடத்திலேயே கொடுத்துவிடலாம்" என்றதும் காதில் விழுந்தது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாய்க்குட்டிக்கு நான் புத்தி சொல்ல ஆரம்பித்தால் நம் பழைய நாய் மணியை நினைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்க்கும் பார்வை உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

முதலில் கணக்கைப் பார். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது உத்தேசக் கணக்கு. மிளகுக்கு 9 வாரம்தான் ஆகிறது. 3 மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். நீங்கள் பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்திருக்கிறீர்கள். அது முழு ஷிப்ட், 8 மணி நேரம். மில்லில் புதிதாகச் சேர்ந்த பையனைக்கூட முதல் நாளே முழு நைட் ஷிப்டில் தனியாக நிறுத்த மாட்டோம். தூக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவாள், அவ்வளவுதான். 4 மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் ராத்திரியில் 6, 7 மணி நேரம் தாண்டிவிடும். சிலதுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

பிறந்து மூன்று வாரம்வரை குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், தாயே சுத்தமும் செய்துவிடும். அதற்கப்புறம் கால் ஊன்றியதும், படுத்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப் போய்ப் போகப் பழகும். அந்த வயதில் காலடியில் எது இருந்ததோ அதுதான் தோதான இடம் என்று மனதில் பதிந்துவிடும். மிளகு ஏதோ மாடியில் சாக்குக்கு மேல் பிறந்தவள் என்று சொன்னாய் அல்லவா? உன் வீட்டு மிதியடியும் குளியலறை வாசல் துணியும் அவள் காலுக்குச் சாக்கு மாதிரிதான் இருக்கும். வேண்டுமென்றே செய்யவில்லை, பாப்பா. சரியான இடத்துக்குப் போனதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போடு.

அவளைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்துவதை நிறுத்து. உன் கட்டில் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அட்டைப்பெட்டி ஒன்றை வை. அவள் நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். படுத்த இடத்தை நனைக்கப் பொதுவாக நாய்க்கு மனசு வராது. பெட்டி பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்தால் அவள் புரளுவதும் முனகுவதும் உனக்குக் கேட்கும். அந்த முனகல்தான் உன்னைக் கூப்பிடுவது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

அவள் அழுது நீ எழுந்திருப்பதைவிட, அலாரம் வைத்து நீ முந்திக்கொள்வது நல்லது. பத்தரைக்கு ஒருதரம், ஒன்றரைக்கு, நாலரைக்கு. ஒன்றரையை நீ பார், நாலரையை மாப்பிள்ளை பார்க்கட்டும். அரை நைட், முழு நைட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய விளக்கைப் போடாதே, கொஞ்சாதே, விளையாடாதே. தூக்கிக்கொண்டே போ. நடக்க விட்டால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். இப்போதைக்கு நாலு மாடி இறங்க வேண்டாம். தடுப்பூசிகள் முடியும்வரை தெரு நாய்கள் புழங்கும் மண்ணில் விடக் கூடாது, பார்வோ என்கிற வைரஸ் நோய் குட்டிகளைக் கொன்றுவிடும். பால்கனியில் அகலமான பிளாஸ்டிக் தட்டில் மண்ணும் புல்லும் போட்டு வை. அவள் நனைத்த துணியின் ஒரு துண்டை அந்த மண்ணில் தேய்த்துவிடு, வாடை வழிகாட்டும். அவள் போய் முடித்த அந்த நொடியே மெதுவாக "நல்ல பிள்ளை" என்று சொல். உள்ளே வந்தபின் சொன்னால் எதற்குச் சொன்னாய் என்று அவளுக்குத் தெரியாது.

தொடர்ந்து மூன்று ராத்திரி பெட்டி காய்ந்திருந்தால் அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளு. நனைந்தால் பழைய நேரத்துக்கே போ. இப்போது நம் வீட்டிலிருக்கும் நாய் செவலைக்கு நான் இதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்தேன், அம்மா சிரித்தாள். ஏழு மணிக்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடு. படுக்க ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தால் போதும். சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடாதே, குட்டிக்கு நீர் வற்றினால் அது வேறு ஆபத்து.

பினாயில் போட்டுத் துடைப்பதாகச் சொன்னாய். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். பினாயிலுக்கு அடியில் இருக்கும் வாடை நாயின் மூக்குக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அமோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், மூத்திரத்திலும் அதே வாடைதான். முதலில் துணியால் ஒற்றியெடு. அப்புறம் மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவம் நாய்ச் சாமான் கடையில் கிடைக்கும், வாங்கித் துடை. கிடைக்காத நாளில் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடை.

இனி மணியின் கதை.

நீ ஆறாவது படித்தாய். முழு நைட் முடித்து வந்து வாசலில் கால் வைத்தால் ஈரம். நான் அவன் கழுத்தைப் பிடித்து மூக்கை அதிலேயே தேய்த்தேன். ஒருநாள் இல்லை, பல நாள். எல்லோரும் அப்படித்தான் பழக்கினார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? அவன் வீட்டில் போவதை நிறுத்தவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால், தையல் மிஷினுக்கு அடியில் என்று நான் பார்க்காத இடமாகத் தேடிப் போனான். விடியலில் எழுந்து உன் பழைய பாவாடையால் நீ துடைத்துவிட்டு, அதை அலசி மாடியில் காயப்போடுவாய். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி படுத்துக் கிடந்தேன்.

அவன் பெரியவனான பிறகும் நான் சங்கிலியைப் பிடித்துக் கூட்டிப்போனால் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு அடக்கியபடியே திரும்புவான். நீ கூட்டிப்போனால் முதல் வேப்பமரத்திலேயே காலைத் தூக்குவான். திமிர் பிடித்த நாய் என்று அத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா தெருவிலிருந்து செவலையைத் தூக்கிவந்தபோது கால்நடை மருத்துவர்தான் சொன்னார்: அடி வாங்கிய நாய் "வீட்டில் போகக் கூடாது" என்று கற்றுக்கொள்ளாது, "இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது" என்றுதான் கற்றுக்கொள்ளும். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்ததும் மிளகு குழைந்துகொண்டே தரையை நனைப்பது வேறு சங்கதி. அது சந்தோஷமும் பயமும் கலந்து தானாகவே வருவது. உள்ளே வந்ததும் இரண்டு நிமிஷம் அவளைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டு, பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து தொடச் சொல். வளர வளரப் போய்விடும். ஆனால் சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, காய்ந்துகொண்டிருந்த பெட்டி திடீரென்று நனைய ஆரம்பித்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டு. பெண் குட்டிகளுக்கு மூத்திரப் பாதையில் கிருமி சீக்கிரம் தொற்றும்.

அம்மாவின் பழைய நூல் சேலைகள் மூன்றை நாளைக்குப் பார்சலில் போடுகிறேன், பெட்டிக்குள் விரிக்க. கடலைமிட்டாய் மாப்பிள்ளைக்கு.

ரிட்டயர் ஆகியும் ராத்திரி ஒன்றரைக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது, முழு நைட் பார்த்த உடம்பு. மிளகு தேறும்வரை தினமும் அந்த நேரத்துக்கு உனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன். எடுக்க வேண்டாம். எழுந்து அவளைத் தூக்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா