ஐம்பது சைக்கிள் சுருதி

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாஸ்கரா,

இங்கே எல்லோரும் நலம். உன் மருமகளுக்கு வேலை கிடைத்ததைச் செல்வி சொன்னாள், சந்தோஷம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பிசியோதெரபிக்கு வருகிறவரைத் திட்டத் தெம்பு மட்டும் கூடியிருக்கிறது. சம்பிரதாயம் முடிந்தது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து ராஜாமணி அண்ணன் கதையை ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் கௌதமின் பேண்டு. நேற்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடை மாடியில் வாசித்தார்கள். கீபோர்டு வாசிக்கும் பையனுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். சிரிக்காதே. உறையைப் பிரித்து, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே இருந்த தூசியைப் பிரஷ் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். உன் அண்ணி, "கல்யாண வயசுப் பசங்களோட இது என்ன வேஷம்?" என்றாள். கேட்டுக்கொண்டேன்.

நாலு பேர். கௌதம் பாட்டும் கிதாரும், பேஸ் வாசிப்பது அவன் கல்லூரித் தோழன், அப்புறம் அந்தக் காய்ச்சல்காரன். டிரம்ஸில் டெல்ஃபின் என்று ஒரு பெண், போத்தனூர் ரயில்வே காலனிக்காரி. அவள் தாத்தா கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசித்தவராம். ஸ்நேர் டிரம் மேல் கர்ச்சீப்பைப் போட்டுச் சத்தத்தை அடக்கி வாசிக்கிறாள். அந்தச் சின்ன மாடியில் வேறு வழியில்லை என்று அவளாகவே புரிந்துகொண்டாள். நம் பழைய டிரம்மர் கோவிந்தனுக்கு இந்த அறிவு கடைசிவரை வரவில்லை.

எல்லாமே சொந்தப் பாட்டு. கடைக்காரர் பெரிய ரசிகர் என்று நினைத்துவிடாதே. கடையில் சினிமாப் பாட்டு வாசித்தால் பாட்டு உரிமைக்கு வசூல் செய்கிற ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை மிச்சம் பிடிக்கத்தான், "தம்பி, உங்க பாட்டையே பாடுங்க" என்றார். ஆனால் கல்யாணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவிலேயே விலக்குக் கொடுத்திருக்கிறது. அவனவன் சொந்தப் பாட்டைப் பாட இப்படி ஒரு கஞ்சர் தேவைப்படுகிறார் பார்.

சவுண்ட் செக்கில்தான் வம்பு. ஆம்ப்பைப் போட்டதும் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். கேபிளை மாற்றினோம், கீபோர்டை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில், இந்த மாதிரி இரைச்சலை அறுக்கத்தான் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினோம், மிக்சரை வேறு பிளக்கில் செருகினோம். போகவில்லை. பழைய கட்டடம், எர்த் சரியில்லை, அதே லைனில் ஃப்ரிட்ஜ் வேறு. ஃப்ரிட்ஜை அணைக்கலாமா என்று கேட்டதற்கு, ஐஸ்கிரீம் உருகிவிடும் என்று கடைக்காரர் கும்பிட்டார். சவுண்ட் பையன், எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். அவனை உட்கார வைத்துப் பல்லடத்தில் உனக்கு மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்த கதையைச் சொன்னேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அப்போதுதான் டெல்ஃபின், "அங்கிள், அது எந்த நோட்டுல இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் தோன்றவே இல்லை, பாஸ்கரா. இத்தனை மேடையில் அந்த இரைச்சலைத் திட்டியிருக்கிறோம், ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டோமா? கரண்டு நொடிக்கு 50 சைக்கிள். அஞ்சு கட்டை, அதாவது ஜி, கீழ் ஸ்தாயியில் 49. இரைச்சல் அஞ்சு கட்டைக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். இவர்கள் கடைசியாகப் பாட வேண்டிய பாட்டோ ஜி-யில். கீபோர்டின் டியூனிங்கில் ஏ சுரத்தின் 440-ஐ 449-க்கு ஏற்றினேன், ஜி-யும் கூடவே 50-க்கு ஏறிவிட்டது. பையன்கள் டியூனரை ஓரமாக வைத்துவிட்டு என் கீபோர்டைக் கேட்டே கம்பியை முறுக்கினார்கள். வாசித்துப் பார்த்தால் இரைச்சல் அடியில் சுருதிப் பெட்டி மாதிரி நிற்கிறது! மின்வாரியம் போடுகிற சுருதி, பெல்லோஸ் அமுக்க ஆள் வேண்டாம்.

அந்தப் பாட்டு மில் சங்கைப் பற்றியது. கௌதமின் அப்பா வழித் தாத்தா பீளமேட்டில் மில்லில் இருந்தவர், உனக்குத் தெரியும். மில்லை மூடிய பிறகும் முதல் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாரே, அதை எழுதியிருக்கிறான். "சங்கு ஊதல, தாத்தா எழுந்தாச்சு" என்று ஆரம்பம். டிரம்ஸ் கிடையாது. கௌதம் இரண்டு அடி வெறும் இரைச்சல் மேலேயே பாடினான். கரண்டியும் கப்பும் நின்றுபோயின. நம் நாளில் கைதட்டல் எவ்வளவோ கேட்டிருக்கிறோம், இது வேறு. பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர், "தம்பி, தெரிஞ்ச பாட்டு ஏதாவது போடுங்க" என்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அளப்பதாகச் சொல்வாய்.

கூட்டம் என்று பார்த்தால் பாதி அவர்கள் கல்லூரிக் கும்பல். ஒரு லெமன் சோடாவை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடைக்காரர் கொடுத்தது மூவாயிரமும் ஆளுக்கொரு சாண்ட்விச்சும். டிரம்ஸ் ஏற்றிவந்த ஆம்னி வேன் வாடகையிலேயே பெரும்பங்கு போயிற்று. பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஸ்பீக்கர் கூடாது என்று 2000-த்திலிருந்தே விதி இருக்கிறது. ஒன்பதே முக்காலுக்கே விளக்கைப் போட்டுவிட்டார்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். திருப்பூரிலிருந்து ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாற்பதாயிரம். முழுக்க சினிமாப் பாட்டு, கோட்டு போட வேண்டும். கௌதம் தடுமாறுகிறான். என்னிடம் கேட்டால், "போ, காசு வரும்" என்று உடனே சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். வாயில் வரவில்லை. ஒன்று எடுத்தால் முகூர்த்த மாதம் முழுக்க வரும். பயிற்சி நேரமெல்லாம் ஹிட் பாட்டுக்குப் போகும். சங்குப் பாட்டு எந்த மண்டபத்தில் எடுபடும்? நம்மை எடுத்துக்கொள். புல்லாங்குழல் பிட்டைக் கீபோர்டில் அச்சு அசலாகக் கொண்டுவந்ததுதான் எனக்குப் பெருமை. அதைக் குறை சொல்லவில்லை, அதில்தான் செல்வியைப் படிக்க வைத்தேன். ஆனால் நாம் போட்ட மெட்டு என்று ஒன்றைக் காட்டு பார்க்கலாம். நீ வைத்திருந்த அந்த நீல நோட்டு என்னவாயிற்று?

பையனும் லேசுப்பட்டவன் இல்லை. "2018-ல் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டோட முதல் மேடைக்கே ஆயிரக்கணக்கில் வரலையா மாமா, சொந்தப் பாட்டுக்குத்தானே வந்தாங்க?" என்றான். அவர்களுக்குச் சொல்ல விஷயம் இருந்தது, அடியில் பறையும் கானாவும் இருந்தது, பின்னால் சினிமா டைரக்டர் பா. ரஞ்சித் இருந்தார் என்றேன். இளையராஜா சகோதரர்கள் அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வருஷக்கணக்கில் பாடித் திரிந்ததையும் சொன்னேன். "அப்ப எங்களுக்கும் மேடைதானே வேணும்?" என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காபிக் கடைக்காரர் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு மேல் தர மாட்டார். கல்லூரி விழாக்களில் போட்டி என்று கூப்பிட்டுக் கால் மணி நேரம் கொடுக்கிறார்கள், அதில் பாதி டிரம்ஸை நகர்த்தவே போய்விடுகிறது. டெல்ஃபினுக்குப் பெங்களூரில் வேலை வந்தால் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். அவள் இன்டர்வியூ நன்றாகச் செய்துவிடக் கூடாதே என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அதனால் உன்னிடம் வருகிறேன். உங்கள் புதுச்சேரியில் ஜூன் 21 இசைத் திருவிழாவை அலியான்ஸ் பிரான்சேஸ்காரர்கள் நடத்துவார்களே. பிரான்சில் 1982-ல் ஆரம்பித்தது, யார் வேண்டுமானாலும் தெருவில் வாசிக்கலாம், கேட்பவரிடம் காசு வாங்கக் கூடாது என்று நீதான் ஒருமுறை பெரிய லெக்சர் அடித்தாய். அங்கே இவர்களுக்கு அரை மணி நேரம் வாங்கிக் கொடு. போய் நின்று கேள், போனில் கேட்காதே. உன் போன் குரலை நம்பி யாரும் எதுவும் கொடுக்க மாட்டார்கள். பாடி அனுப்பச் சொன்னால், நேற்றைய பதிவு என் செல்லில் இருக்கிறது. ஃப்ரிட்ஜும் சேர்ந்து பாடியிருக்கிறது, பரவாயில்லை.

திருப்பூருக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்வதாகக் கௌதம் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் உன்னிடமிருந்து ஏதாவது வந்தால் நல்லது. தங்க உன் மொட்டை மாடி போதும், டெல்ஃபினுக்கு மட்டும் கமலாவிடம் சொல்லிக் கீழே ஒரு அறை. ஆர்மோனியத்தைத் தூசி தட்டி வைக்காதே, பசங்கள் பயந்துவிடுவார்கள். டிரம்ஸை இங்கிருந்து பஸ்ஸில் கொண்டுவர முடியாது. அங்கே ஒரு செட் யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும் என்பதை மட்டும் நாளைக்கே வாட்ஸ்அப்பில் போடு, சிம்பலை அவளே கொண்டுவருவாள்.

உன்,
முத்து