பால்வாடியைச் சுவர்ப் படத்தை வைத்து எடைபோடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் பிறந்தால் மதுரையில் செல்லூர், ஆரப்பாளையம், அனுப்பானடி என எந்தப் பக்கமும் "எந்தப் பால்வாடி நல்லாருக்கு?" என்ற விசாரிப்புதான். சுவரில் யானையும் மயிலும் வரைந்திருந்தால் நல்ல மையம், காரை பெயர்ந்திருந்தால் மட்டம் என்று வாசலிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். பெயின்ட் எப்போதோ வந்த நிதியில் அடித்தது. உள்ளே நடப்பதை அது சொல்லாது.

பார்க்க வேண்டியது எடைப் பதிவு. உங்கள் பிள்ளையின் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 2 முதல் 5 வயதுக்குள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ கூடும். ஆனால் ஒரே சீராகக் கூடாது. காய்ச்சல் கண்ட மாதம் இறங்கும், தேறிய மாதம் ஏறும். மாதம் தவறாமல் 200 கிராம் ஏறிக்கொண்டே போகிறதென்றால் பிள்ளை மெஷினில் ஏறவில்லை, பேனாதான் ஏறியிருக்கிறது.

அடுத்து, கைச்சுற்றளவு நாடா. இடது மேற்கையில், தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்ற வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு (கடும் ஊட்டக்குறைவு), 12.5 வரை மஞ்சள் (மிதமான குறைவு), அதற்கு மேல் பச்சை (சரியான நிலை). இறுக்கி இழுத்தால் திடமான பிள்ளையும் மஞ்சளாகிவிடும். தளர விட்டால் மெலிந்த பிள்ளை பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து, அந்தப் பிள்ளை யார் கண்ணிலும் படாது. உயரத்தை 2 வயதுக்குள் படுக்க வைத்தும், அதற்கு மேல் நிற்க வைத்தும் அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் சுமார் 0.7 செ.மீ. பிசகும்.

இதற்கெல்லாம் டீச்சரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து மையத்துப் பணியாளர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். பிள்ளைகளின் விவரம் ஏற்றும் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு, வீடு பார்ப்பு எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். ஆயாம்மா சமையலைப் பார்ப்பாரா, பிள்ளைகளைப் பார்ப்பாரா? ஆகவே காலை 11 மணிக்குப் போய்ப் பாருங்கள். விளையாட்டுச் சாமான் பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பாலித்தீன் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறதா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இல்லை சாக்குமூட்டை அடுக்கிப் பூட்டியிருக்கிறதா?

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அந்தப் பெயருக்காகவே பலர் சேர்க்கிறார்கள். வகுப்புக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இன்னொன்று: 2022 செப்டம்பர் 15 அன்று நம் சிம்மக்கல் ஆதிமூலம் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கானது. அண்ணனுக்குக் கிடைக்கிறதே என்று தம்பியையும் வெறும் வயிற்றோடு அனுப்பிவிடாதீர்கள்.

மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு மைய வாசலிலும் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை, இந்த மாதம் எடை பார்த்தது எத்தனை, சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை, பணியாளர் நிரந்தரமா கூடுதல் பொறுப்பா என்று எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். சாக்பீஸில் எழுதும் கரும்பலகை போதும். ஃப்ளெக்ஸ் அடித்தால் ஆண்டு முழுக்க அதே எண்தான் தொங்கும்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்கள் சிலர்,
செல்லூர், மதுரை.