மே மாசம் வேண்டாம், டீச்சர்

பாளையங்கோட்டை,
ஜனவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள டீச்சருக்கு,

ஊரே உன்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்து முப்பது வருஷம் ஆயாச்சு. இனிமேல் பேர் சொல்லி எழுதினால் வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருக்கிறது, அதனால் இப்படியே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பினதை மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவை விஷயத்துக்கு, ரெண்டு தடவை பின்னால் உன் வீட்டுச் சேவல் கூவினதுக்கு. மகள் ஜெர்மனிக்குக் கூப்பிடுகிறாள், மே மாசம் வா, ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஊர் ஊராகக் கூட்டிப்போகிறேன் என்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் வீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். மே வேண்டாம். குளிரில் போ.

நான் என்னமோ யோசித்துத்தான் அக்டோபரில் ஜெர்மனிக்கு மகன் வீட்டுக்குப் போனேன் என்று நினைத்துவிடாதே. விசாவுக்குத் தேதி அப்போதுதான் கிடைத்தது. என் தங்கச்சி, கிறுக்குப் பிடித்திருக்கா, இந்த வயசில் பனியில் போய் விழுந்து இடுப்பை உடைக்கவா என்று கேட்டாள். 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், அது எந்த மாசமானாலும் ஒன்றுதான். நான் 88 நாள் இருந்துவிட்டுப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேர்ந்தேன். இடுப்பு நன்றாக இருக்கிறது.

போய் இறங்கின நாலாம் நாள் தீபாவளி. திங்கள்கிழமை. மருமகளுக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங், மகன் அரை நாள் லீவு. நான் வழக்கம்போல நாலரைக்கு எழுந்து மிக்சியைப் போட்டேன், மகன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை அங்கே சத்தம் கூடாது. சரி என்று எல்லாரும் குசுகுசுவென்று எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று ரகசியம் மாதிரிக் கேட்டுக்கொண்ட ஒரே தீபாவளி அதுதான். வெடி கிடையாது, பால்கனியில் ஆளுக்கு ரெண்டு கம்பி மத்தாப்பு, அவ்வளவுதான். அந்த நாட்டில் வெடி வருஷக் கடைசி மூன்று நாள்தான் விற்கிறார்கள், டிசம்பர் 31 ராத்திரி வெடிப்பதற்காக. அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் முறைக்கிற ஜனம் அத்தனையும் தெருவுக்கு வந்து, பன்னிரண்டு மணிக்குப் புகையில் எதிர் வீடு தெரியவில்லை. மறுநாள் காலையில் தெரு முழுக்கக் காகிதக் குப்பை, தெற்கு பஜார் மாதிரியே. பேரன் ஜன்னலில் நின்றுகொண்டு, "ஆச்சி, தீபாவளி வந்துட்டு" என்றான். அவனுக்கு இதுதான் தீபாவளி, அக்டோபரில் வந்தது சும்மா குளிக்கிற நாள்.

அந்த ஊர்த் தமிழ் ஆட்கள் கூடிக் கொண்டாடிய தீபாவளி அந்த வாரச் சனிக்கிழமை. மதுரை, கோயம்புத்தூர், தஞ்சாவூர் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். யார் எத்தனை பேருக்குச் சாம்பார் சாதம், யார் கேசரி என்று ரெண்டு வாரம் முன்னாலேயே கணக்கு எழுதிவிடுகிறார்கள். அங்கே நம்ம பண்டிகைக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம் இல்லை, மண்டபம் காலியாக இருக்கிற சனிக்கிழமைதான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அதோடு பிடித்தது இருட்டு. டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிகிறது, சாயந்தரம் நாலரைக்கு அஸ்தமனம். வெயிலைக் கண்டால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிழல் நிழலாக ஓடியே பழகின எனக்கு, மத்தியானம் சோபாவில் ஒரு கை அகலத்துக்கு வெயில் விழுந்தால் அங்கே போய் உட்காருகிற நிலைமை வந்துவிட்டது. நவம்பர் முதல் வாரம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. இதை என் தங்கச்சியிடம் சொல்லிவிடாதே.

அப்புறம்தான் விளக்கு. நவம்பர் 11 மார்ட்டின் என்ற புனிதருக்கு உரிய நாள். குளிரில் நடுங்கின ஒரு பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்த குதிரை வீரராம். அதை ஒட்டிப் பிள்ளைகள் ஆளுக்கொரு காகித விளக்கைக் கம்பில் தொங்கவிட்டுத் தெருவில் ஊர்வலம் போகிறார்கள். விளக்கை வீட்டிலேயே, இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து செய்ய வேண்டும். பேரன் யானை வேண்டும் என்று சொல்லிவிட்டான். சும்மா யானை இல்லை, ஆச்சி ஊர் யானை. ரெண்டு வருஷம் முன்னால் இங்கே வந்தபோது நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அவன் தலையில் தும்பிக்கையை வைத்ததும் அலறினானே, அதேதான். மகன் உடம்பை ஒட்டினான், நான் நெற்றியில் வெள்ளைக் காகிதத்தில் மூன்று பட்டை வெட்டி ஒட்டினேன். தும்பிக்கை நிற்கவே இல்லை. மருமகள் வளைகிற உறிஞ்சு குழலை உள்ளே செருகினாள், நின்றுவிட்டது. இன்ஜினியர் மகனுக்குத் தோன்றவில்லை பார். காந்திமதி போன வருஷம் ஜனவரியிலேயே செத்துப்போனதை நாங்கள் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஊர்வலத்தில் முன்னால் நிஜக் குதிரை, சிவப்புப் போர்வை போட்ட ஆள், பின்னால் பேண்டு வாத்தியம், அதுக்குப் பின்னால் நூறு நூற்றைம்பது பிள்ளைகள். தூறல் வேறு. கடைசியில் ஒரு மைதானத்தில் விறகு அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். ஏளா, சத்தியமாகச் சொல்கிறேன், சொக்கப்பனைதான். பனை இல்லை, ஓலை இல்லை, படபடவென்று அந்தச் சத்தம் இல்லை, மற்றபடி சுற்றி நிற்கிற முகமெல்லாம் அப்படியே. ஆளுக்கொரு பொம்மை மாதிரி ரொட்டி கொடுத்தார்கள், கையில் வெள்ளை மண்ணில் செய்த சுருட்டுக்குழாய் வைத்திருக்கிறது! பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ரொட்டியில் சுருட்டு எதற்கு என்று கேட்டேன், அது அப்படித்தான் என்றார்கள். நம்ம ஊர்ப் பதில்தான்.

டிசம்பர் 3 நமக்குக் கார்த்திகை. ஓலைக்கொழுக்கட்டைக்கு ஓலைக்கு எங்கே போவது? ஈழத் தமிழர் கடையில் உறைய வைத்த வாழை இலை கிடைத்தது, உடன்குடிக் கருப்பட்டி நான் கொண்டுபோனது. சாப்பிடத் தோதாகத்தான் இருந்தது, ஆனால் பிரிக்கும்போது ஓலை வாசம் வரவில்லை என்றால் அது வெறும் மாவு உருண்டைதானே. ஜன்னலில் பதினோரு அகல் வைத்தேன். வெளியே போய்ப் பார்த்தால் எல்லா வீட்டு ஜன்னலிலும் விளக்கும் நட்சத்திரமும், கிறிஸ்துமஸுக்கு முன் நாலு வாரம் அப்படி வைப்பது அங்கே வழக்கம். நம்ம விளக்கு அதுக்குள் கலந்து போய்விட்டது. கீழ் வீட்டு அம்மா மருமகளிடம், உங்கள் மாமியார் எங்களைவிட அழகாக வைத்திருக்கிறாரே என்றாராம். கார்த்திகை என்று விளக்கிச் சொல்லவா என்று மருமகள் கேட்டாள். விடு, விளக்கு வைத்தால் சரி என்றேன்.

இந்தக் கீழ் வீட்டு அம்மாவோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தீபாவளிக்கு ஒரு தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினேன். மூன்று நாள் கழித்துத் தட்டு பளபளவென்று கழுவி வாசலில் இருந்தது, மேலே ஒரு நன்றி அட்டை. தட்டு காலி! எங்கம்மா உன் வீட்டுத் தட்டைத் திருப்பும்போது ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தானே அனுப்புவாள். அந்த அட்டையை எழுத அவர் கடைக்குப் போய் வாங்கி, உட்கார்ந்து, கையால் எழுதியிருக்கிறார், அதுதான் அவர்கள் சீனி என்று மருமகள் சொன்னாள். இருக்கலாம். எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

வெளியே போவதைப் பற்றிச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையெல்லாம் அடைப்பு. என்ன செய்வார்கள் என்றால் நடப்பார்கள். காட்டுக்குள், மழையோ பனியோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மணி நேரம் சும்மா நடப்பார்கள், முடிந்ததும் காப்பியும் கேக்கும். நமக்குப் பாபநாசம் போனாலும் குற்றாலம் போனாலும் தூக்குவாளிதானே முதலில் காரில் ஏறும்? நான் விடாமல் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். காட்டில் ஒரு பெஞ்சில், ஆறு டிகிரியில், கையுறையைக் கழற்றிப் பிசைந்தால் சாதம் சரளைக்கல் மாதிரி இருந்தது. எண்ணெய் உறைந்துவிட்டது. மகன் ஒன்றும் சொல்லாமல் தின்றான். பேரன் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஐஸ் சோறு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மகன் வீடு கொலோன் நகரத்தை ஒட்டி. அங்கே உள்ள பேராலயம் 1248இல் கட்ட ஆரம்பித்து 1880இல்தான் முடித்தார்களாம், 157 மீட்டர் உயரம். நம்ம ஊர்த் தேவாலயத்து ஊசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தவள் நான். மகனும் பேரனும் 533 படி ஏறினார்கள், நான் கீழே கிறிஸ்துமஸ் சந்தையில் உருளைக்கிழங்கு அடை தின்றேன். தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் கொடுக்கிறார்கள், மிளகாய்ப்பொடி கொண்டுபோ. சூடாகக் குடிக்கக் கொடுக்கிற கோப்பைக்கு முன்பணம் உண்டு, திருப்பிக் கொடுக்காவிட்டால் கோப்பை நமக்கு. ஒன்றைத் திருப்பவே இல்லை. இப்போது அதில்தான் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் ஒரு நாள் ரயிலில் போனோம். 2025இல் மாதம் 58 யூரோவாக இருந்த ஒரு சீட்டை வாங்கிவிட்டால் நாடு முழுக்கச் சாதா ரயிலில் போகலாம், ஆனால் ரயில் கடிகாரம் மாதிரி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இலங்கைத் தமிழர் கட்டி 2002இல் கும்பாபிஷேகம் செய்த கோயில். வயல், தொழிற்சாலைக்கு நடுவில் திடீரென்று கோபுரம். தேர்த் திருவிழா கோடைக்காலத்தை ஒட்டித்தான், அதை நீ மே மாசத்துக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதே. உள்ளே ஒரு அம்மா, நாற்பது வருஷமாக அங்கே இருப்பவர், "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் திருநெல்வேலிதான்!" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஜங்ஷனா டவுனா என்று கேட்கிறேன், அவர் சந்தைக்குக் கிட்ட, பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட என்கிறார். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது டீச்சர்! அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் வேற வேற ஊரைப் பேசியிருக்கிறோம். தெரிந்த பிறகும் அவர் கையை விடவில்லை. ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பினார், அவர் வீட்டில் வறுத்துத் திரித்தது. தட்டு இல்லாததால் நான் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கிறிஸ்துமஸைச் சொல்லாமல் விட்டால் நீ கோபிப்பாய். அது அங்கே 24ஆம் தேதி சாயந்தரமே. மத்தியானம் ரெண்டு மணியோடு கடை மூடி, நாலு மணிக்குத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நான் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது ஆட்கள் வருவார்கள் என்று மகனிடம் கேட்டேன். "யாரும் வர மாட்டாங்கம்மா, அவங்கவங்க வீட்டுக்குள்ளதான்." நாற்பது வருஷம் உன் வீட்டு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தின்றவள் நான். முருகன்குறிச்சி முழுக்க நட்சத்திரம் தொங்க, லாரியில் மேளத்தோடு கீதபவனி வந்து, வீட்டு வாசலில் பாடி, காப்பி குடித்துப் போகும். கிறிஸ்தவ நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான், ஒரு சைவக்காரி, பாளையங்கோட்டைக் கிறிஸ்துமஸுக்கு ஏங்கினேன். ஆறு மணிக்கு உனக்குப் போன் போட்டேனே, உனக்கு அப்போது ராத்திரி பத்தரை. கடைசி ஈடு கிடக்கு, கையெல்லாம் எண்ணெய், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். சட்டி இரையும் சத்தம் கேட்டது. நீ வைத்தது எனக்கு வருத்தமே இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் எதற்குக் குளிரில் போகச் சொல்கிறாய் என்பாய். போன வருஷம் ஜூனில் போய்வந்த என் மைத்துனி ஐந்து நாடு பார்த்தாள், எண்ணூறு போட்டோ காட்டினாள். மருமகன் சாயந்தரம் வந்து என்ன சாப்பிடுகிறான், பேத்தி தூக்கத்தில் எந்தப் பாஷையில் உளறுகிறாள் என்று கேட்டால் தெரியவில்லை. தினம் வெளியே. எனக்கு நாலரைக்கு இருட்டிவிடும், எல்லாரும் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். மகன் தரை துடைப்பான், மருமகள் வெங்காயம் நறுக்குவாள், பேரன் மேஜைக்கடியில் கிடப்பான், என்னத்தையாவது பேசிக்கொண்டிருப்போம். கல்யாணமான பிறகு மகனோடு நான் இவ்வளவு பேசினதில்லை. பேரன் தூக்கத்தில் ஜெர்மனில்தான் உளறுகிறான், ஆனால் அழும்போது தமிழ்.

சரி, சாமானுக்கு வருகிறேன். பால் சாமானும் இறைச்சியும் உள்ளே விடமாட்டார்கள், அதனால் நெய், பால்கோவா எடுக்காதே. அல்வாவில் நெய் இருக்கிறதே என்று பயந்து நான் கொண்டுபோகவில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளம், பொடி வகை, சுக்கு, கருப்பட்டி தாராளமாக எடு. உள்ளே போடுகிற கம்பளிச் சட்டை இங்கே வாங்காதே, அங்கே போய் வாங்கு. செருப்பு உதவாது, கணுக்கால் வரை மூடுகிற ஷூ. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு விசாவுக்குக் கட்டாயம். கைப்பிடி உள்ள எவர்சில்வர் தட்டு ரெண்டு கொண்டுபோ, யாருக்காவது கொடுத்துவிட ஆகும்.

நேற்று நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் நிற்கும்போது பேரன் வீடியோவில் கூப்பிட்டான். அந்த விளக்கு யானையை இன்னும் வைத்திருக்கிறான், தும்பிக்கையைக் கேமராவில் மோதிக் காட்டினான். இப்போ நீ உன் யானையைக் காட்டு ஆச்சி என்றான். யானை குளிக்கப் போயிருக்கிறது என்று சொன்னேன். எவ்வளவு நேரம் குளிக்கும் என்று கேட்டான். நெட் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நீ வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள், இதை அஞ்சு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று எழுது. ஏப்ரலில் வருகிறான்.

உன்,
பழைய முருகன்குறிச்சிக்காரி